வெளிப்பக்கம் திறக்கும் கதவு

அன்பு மகனுக்கு,

“இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரும் நலமா” என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இங்கே அனைவரும் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். என் முழங்கால் வலியைச் சேர்த்தால் இரண்டு பேர். அங்கே நலமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் “சரிம்மா, சரிம்மா, பெறகு கூப்புடுறேன்” என்று வைத்துவிடுகிற ஆள் நீ. உன் அப்பாவும் அப்படித்தான், கேட்கப் பிடிக்காத பேச்சு வந்தால் எழுந்து செருப்பைத் தேடுவார். அதனால்தான் எழுதுகிறேன். நீ முழுசாகப் படிக்காவிட்டாலும் ரோஸ்லின் படிப்பாள். மருமகளான அவளும் படிக்க வேண்டும் என்றுதான் உறையில் அவள் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். வேறு யார் படித்தாலும் இனி எனக்குக் கவலையில்லை.

முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் கூப்பிட்டு, “யம்மா, நம்ம வீட்டுக்குப் பின்னாடி அம்புட்டு இடம் சும்மாதானே கெடக்கு. சாமான் போட்டு வைக்க ஒரு ஷெட்டு இருந்தா நல்லாருக்கும். ரெடிமேடா வாங்கிரலாமா, ஆள வச்சுக் கட்டிரலாமான்னு நீயே விசாரிச்சுச் சொல்லும்மா” என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. சிவகாசி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நீங்கள் மூன்று பேரும் இங்கே வெம்பக்கோட்டைக்கே வந்துவிடப் போகிறீர்கள், ரோஸ்லினுக்குச் சீராக வந்த பீரோவையும் கட்டிலையும் வைக்க இடம் பத்தாமல்தான் ஷெட்டு கேட்கிறாய் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். முன்னறைத் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன். பேத்திக்கு இந்தப் பக்கம் எந்தப் பள்ளிக்கூட வேன் வருகிறது என்று அடுத்த தெருவில் போய் விசாரித்தேன். சர்ச்சில் ரெண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். கிறுக்கி நான்.

சாத்தூர் ரோட்டில் ரெடிமேட் ஷெட்டு விற்கிற கடைக்கு வெயிலோடு வெயிலாக பஸ் ஏறிப் போனேன். கடை முன்னால் நீலத் தகரத்தில் நாலைந்து ஷெட்டுகளைச் செய்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தேன், இட்லிக் கொப்பரைக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. கடைக்காரர் மரியாதைப்பட்ட மனுஷர். நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “எதுக்கும்மா ஷெட்டு?” என்றார். சாமான் போட என்றேன். “அப்ப இதுதாம்மா சரி. காலையில வண்டியில வந்தா சாயங்காலம் நின்னுரும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டாம், கொத்தனார் பின்னாடி அலைய வேண்டாம்” என்றவர், கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தி, “வேண்டாம்னு வச்சுக்கோங்க, நாலு போல்ட்டக் கழட்டுனாப் போதும். அங்கன ஒரு ஷெட்டு இருந்த தடமே தெரியாது” என்றார். இதை எதற்கு ரகசியம் மாதிரிச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. துருப்பிடிக்குமா, மழைக்கு ஒழுகுமா, எலி நுழையுமா என்று என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, படம் போட்ட நோட்டீஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் நம் கொத்தனார் சுப்பையா வந்தார். நம் குளியலறைக்கு டைல்ஸ் போட்டாரே, அவர்தான். நோட்டீஸை அவரிடம் காட்டினால் சிரிக்கிறார். “இந்தத் தகரமெல்லாம் ஒரு ஆடிக் காத்துக்குத் தாங்காது நர்சம்மா. சித்திரை வெயிலுக்கு உள்ள வச்ச அரிசி பொரியாப் போயிரும். ஆலோ பிளாக் கல்லு வச்சு நாலு செவரு எழுப்பி, மேல ஷீட்டப் போட்டுருவோம். ஒங்களுக்குப் பெறகும் நிக்கும்” என்றார். பின்பக்கம் போய்க் காலடி வைத்து அளந்தார். வேப்பமரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில் அவர் நின்ற இடம் எது என்று உனக்கே தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். இருந்தாலும், பிள்ளை வரப் போகிறான், பழசையே நினைத்துக்கொண்டிருந்தால் ஆகுமா என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கொத்தனாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

நீ பேசியதை நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுவிட்டேன், ஒரு சொல் விடாமல் எழுத முடியும். “யம்மா, வாங்கினாலும் சரி, கட்டினாலும் சரி, இதெல்லாம் மறக்காமச் சொல்லீரு. கதவு ரெண்டு வேணும், எதிரும் புதிருமா. ரெண்டும் வெளிப்பக்கம் தொறக்கணும். உள்ள கரண்டு லைன் இழுக்க வேண்டாம், வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். மேல கனமா எதுவும் போட வேண்டாம். தரையில ஆணி, கம்பி எதுவும் துருத்திக்கிட்டு இருக்கக் கூடாது. அடுப்படிக்கும் அதுக்கும் நல்லா எட்டம் இருக்கணும்.” இவ்வளவுதான் பேசினாய். பீரோவும் கட்டிலும் வைக்கிற ஷெட்டுக்கு எதிரும் புதிருமாக இரண்டு கதவு எதற்கு? பழைய பாத்திரத்துக்கு அடுப்படியைக் கண்டால் என்ன பயம்?

நான் கொத்தனார் முகத்தைப் பார்த்தேன். அவர் திடுக்கிட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். “தம்பி வெவரமான ஆளு நர்சம்மா. நான் வழக்கமாப் போடுற அளவுலயே போட்டுக் குடுத்துருறேன். வேலி ஓரம் நிக்கிற கருவேலத்த மட்டும் வெட்டிராதீக, ரோட்டுல போறவுகளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். கக்கூஸ் கட்டுவதற்கு அளவு சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். வழக்கமாகவாம். இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டுக் கொல்லையில் அவர் இதே அளவில் கட்டிக் கொடுத்திருப்பார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பட்டாசு ஷெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறாய். ஏலே, பட்டாசுக் கம்பெனிக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை என்பது வாஸ்தவம். அதற்குள் இருந்து வந்தவர்களை முப்பது வருஷம் பார்த்தவள் நான். தீக்காய வார்டில் கட்டு மாற்றும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்காவது வலி கொஞ்சம் விலகி நிற்கும். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லோரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: கதவு எந்தப் பக்கம் தொறக்கும்? “வெளிய தொறக்கும் சிஸ்டர், தள்ளிக்கிட்டு ஓடியாந்துட்டேன்” என்பவர்கள் பெரும்பாலும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். “உள்ளாக்கத் தொறக்குற கதவு. எல்லாரும் ஒண்ணாப் போயி அது மேல விழுந்துட்டோம், இழுக்க முடியல” என்பவர்களுக்கு நான் அதற்குமேல் பேச்சுக் கொடுக்க மாட்டேன். போர்வையை இழுத்துவிட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிடச் சொல்வேன். லைசென்ஸ் வாங்கி நடத்துகிற கம்பெனியில்கூட இது நடக்கிறது. லைசென்ஸும் இல்லாமல், போர்மேனும் இல்லாமல், கருவேலத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து நடத்துகிற இடத்தைப் பற்றி நான் என்ன சொல்ல.

இப்போது, இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். ரோஸ்லினுக்கு இது பாதிதான் தெரியும். நம் கொல்லையில் ஏற்கெனவே ஒரு ஷெட்டு இருந்தது மகளே. என் வீட்டுக்காரர் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்தபோது, லீவு நாட்களில் தானே நின்று கட்டியது. மோட்டார் சைக்கிளும் விறகும் வைக்க. அதற்கு ஒரே ஒரு தகரக் கதவு. வெளியே திறந்தால் துணி துவைக்கிற கல்லில் இடிக்கிறது என்று உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார். அந்தக் கல்லைப் பெயர்த்துத் தள்ளி வைக்க அரை நாள் வேலை. “அதுக்கு யாரு மெனக்கெடுவா” என்றார். நானும் சரிதானே என்றேன். அதற்கப்புறம் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார், மகனே, நீ காலேஜுக்குப் போய்விட்டாய், ஷெட்டு சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டு முத்துமாரி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “யக்கா, அந்த ஷெட்ட எனக்குக் குடுக்கீகளா? வெறும் தாள்ல குழாய் சுத்துற வேலதான். எங்க வீட்டுல உக்காரக்கூட எடமில்ல” என்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், ஒற்றைப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

முதலில் வெடிக்கான காகிதக் குழாய்தான். அது யாரையும் ஒன்றும் செய்யாது. அப்புறம் வெடிக்கு வைக்கிற கருந்திரி வந்தது. அந்தத் திரியை வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், செய்யாத தெருவும் இல்லை. அதற்கப்புறம் ஒரு ஏஜண்ட் சாக்கில் எதையோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தான். அவள் விரல் இடுக்கிலும் காது மடலிலும் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி மின்ன ஆரம்பித்தது. என் கண் அதைப் பார்த்தது. வருஷக்கணக்காக அந்தப் பொடியைத் துடைத்த கை என்னுடையது, எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். அவள் கை வெடித்திருந்ததைப் பார்த்துக் களிம்பு தடவிவிட்டேன். தலையில் தூசி படக்கூடாது என்று என் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து, ஓரம் தைத்துக் கொடுத்தேன். என்ன வேலை செய்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. அவள் வந்து போகிற வீடாக என் வீடு இருந்தது, பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தாள். கேட்டால் அது போய்விடும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன், ஒரு நர்ஸுக்கு மட்டுமே வருகிற புத்தி அது. எது நடந்தாலும் நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். ஷெட்டுக்கு வெளியே இரண்டு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பழைய பருத்தி வேட்டிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்து, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் அதில் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை திறந்து சரிபார்ப்பேன். கதவை மாற்றிப் போட அரை மணி நேரம் போதும், கல்லைப் பெயர்க்க அரை நாள் போதும், ‘வேண்டாம்டீ, சாவியக் குடு’ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதில் எதையும் செய்யவில்லை. அவள் எரிந்தால் எப்படிக் கட்டுப் போடுவது என்பதற்கு மட்டும் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரியை நீ எங்கேயும் பார்க்க முடியாது.

அது நடந்தபோது நான் வீட்டிலேயே இல்லை. பகல் டியூட்டி. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது. பெண் ஆள், ஒருத்திதான், வெம்பக்கோட்டைப் பக்கம் என்றார்கள். நம் ஊர் என்றதும்கூட எனக்கு உறைக்கவில்லை ஐயா. கையைக் கழுவிக்கொண்டு வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. தலையில் ஒட்டிக்கிடந்த துணியைக் கத்தரித்து எடுக்கும்போது ஓரத்தையல் கண்ணில் பட்டது. என் தையல். அப்போதும் என் வாய் தன் பழக்கத்தை விடவில்லை. “கதவு எந்தப் பக்கம்மா தொறக்கும்?” என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “உள்ளாக்கத்தான்க்கா” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “ஒங்களுக்குத் தெரியாதாக்கா?” என்றாள்.

மூன்று நாள் இருந்தாள். வாக்குமூலம் எழுத வந்த அதிகாரியிடம், நான் அந்தப் பக்கம் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, “வீட்டுக்காரக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தேன் கேக்காம உள்ள வச்சிருந்தேன்” என்று சொன்னாள். அவள் மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மா, ஒங்க ஷெட்ட இப்படிப் பண்ணிட்டாளே எங்கம்மா” என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டு அழுதது. நீ அன்றைக்கு ராத்திரிப் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தாய். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “செத்துப் போறவளே சொல்லிட்டா, நீ எதுக்கும்மா வாயத் தொறக்க? வேலையும் போயிரும், பென்ஷனும் போயிரும்” என்றாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தது நீ. கையெழுத்துப் போட்டது நான். உன்மேல் பழி போடவில்லை, யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, நாம் இரண்டு பேரும் அதை ஒன்றாகத்தான் பார்த்தோம். கரிந்த அந்தத் தகரக் கதவை நீதான் தூக்கி லாரியில் ஏற்றினாய். அதிலிருந்து நீ கற்றுக்கொண்டது, அடுத்த ஷெட்டுக்குக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்பது மட்டும்தானா? அதே கொல்லையில், அதே வேப்பமரத்தடியில் உன்னால் எப்படிக் கேட்க முடிந்தது? கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது இதையெல்லாம் கேட்கத்தான் கோழிக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். நீ தட்டைப் பார்த்தபடியே, “யம்மா, ஊரே செய்யுது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போயிப் பாரு, வீட்டுக்கு வீடு இதுதான். எனக்கு வேற என்ன தெரியும்னு சொல்லு” என்றாய். பிரஸ்ஸில் பத்து வருஷம் மெஷின் ஓட்டினாய், காலண்டர் ஆர்டர் குறைந்தது என்று முதலில் நிறுத்தியது உன்னை. வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருஷம் என்ன கஷ்டப்பட்டாய் என்று நீ சொல்லவில்லை, திரும்பி வந்தபோது உன் பெல்ட்டில் புதிதாய்ப் போட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லோடு வேன் ஓட்டினாய், இடுப்பு போனது. என் பென்ஷனை எடுத்துக்கொள் என்றால் ரோஷப்படுகிறாய். “ஒரே ஒரு சீசன்மா. ஆர்டர் கையில இருக்கு. தீவாளியோட இழுத்து மூடிருவேன்” என்றாய். முத்துமாரியும் இதையேதான் சொன்னாள் ஐயா. ஒரே ஒரு சீசன்க்கா என்று மூன்று சீசன் சொன்னாள்.

ரோஸ்லினைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டு, நீயாவது தடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “நாஞ் சொன்னாக் கேக்கவா போறாக அத்தை? ரெண்டு பேருமா உக்காந்தா சீக்கிரம் முடிஞ்சிரும், அதான் நானும் கூட உக்காரலாம்னு இருக்கேன்” என்றாள். நீங்கள் ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பேத்தி ஸ்கூல் விட்டு வந்து எங்கே நிற்பாள் என்று கேட்டேன். அவள் அடுத்த தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். நீங்கள் மூன்று பேரும் வண்டியில் ஏறிப் போனதும், நான் முன்னறைத் திரைச்சீலையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு தாய் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். எதிர்த்தாற்போல இருக்கிற பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். ரெண்டு பஸ் போயிற்று. கம்பெனி வேன் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. சொன்னால் என்ன ஆகும்? நீ என் கொல்லைக்கு வரமாட்டாய், என் வாசலுக்கும் வரமாட்டாய். வேறு எவனோ ஒருவன் காட்டில், எவனோ கட்டிய ஷெட்டில் உட்காருவாய். அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இதைப் பெற்ற பாசம் என்று நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை. பயம்தான்.

எனவே, உன் கேள்விக்குப் பதில். வாங்க வேண்டாம், கட்டலாம். தகரம் வெடித்தால் தாள் மாதிரிக் கிழிந்து பறந்து வரும், அதில் அறுபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மட்டும் காரணம் இல்லை. இருந்த தடமே தெரியாது என்று அந்தக் கடைக்காரர் சொன்னாரே, எனக்கு அது வேண்டாம். முத்துமாரி இருந்த தடத்தை நாம் ஏற்கெனவே ஒரு தடவை சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டோம். இது தெரியட்டும். சுப்பையாவிடம் கதவு மூன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், மூன்றும் வெளியேதான் திறக்கும். துணி துவைக்கிற கல்லை நேற்றுப் பெயர்த்து எடுத்தாகிவிட்டது. அரை நாள்கூட ஆகவில்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கல் கிடந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வேட்டிகளைப் பூச்சி அரித்திருந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். இந்தத் தடவை களிம்பும் கிடையாது, கட்டுத்துணியும் கிடையாது. உனக்குக் கட்டுப் போட நான் வீட்டுக்குள் காத்திருக்கப் போவதில்லை.

முத்துமாரியின் மகள் இப்போது சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவளுக்கும் அனுப்புகிறேன். நான் உண்மையை மறைத்தவர்களில், சொல்ல வேண்டிய முதல் ஆள் அவள்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போகட்டும். போனால் ஷெட்டு வேலை நின்றுவிடும், உன் அம்மா ஸ்டேஷனில் உட்காருவாள், பென்ஷனுக்கும் என்ன ஆகுமோ தெரியாது. அவள் நல்ல பிள்ளை, போகமாட்டாள் என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரிட்டயர் ஆன அன்றைக்கு வார்டில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு கை வைத்த நாற்காலி வாங்கிக் கொடுத்தார்களே, முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று. அதைத்தான் ஷெட்டுக்குள் போடப் போகிறேன். கதவுக்குப் பக்கத்தில் இல்லை. மூன்று கதவுக்கும் தூரமாக ஒரு மூலை வரும், சுப்பையாவிடம் கேட்டு இடத்தைக் குறித்து வைத்துவிட்டேன். நீ வேலைக்கு உட்காருகிற ஒவ்வொரு நாளும், நீ எழுந்திருக்கிற வரைக்கும், நான் அங்கேதான் இருப்பேன். ரோஸ்லின் உட்கார வேண்டாம், அவள் இடத்தில் நான் உட்காருகிறேன். என் முழங்கால் உனக்குத் தெரியும். எழுந்து நிற்கவே எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். மருந்தில் கையை வைக்குமுன் நீ ஒரு தரம் திரும்பி அந்த மூலையைப் பார்.

பார்த்துவிட்டும் நீ உட்காருவாய். நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா? “சரிம்மா, சரிம்மா” என்பாய், ரெண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிவாய், மூன்றாம் நாள் சாக்கை இறக்குவாய். அப்போது ஒன்றே ஒன்று செய். வெடித்தால் என்னைத் தூக்க வராதே. மூன்று கதவில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடு. தள்ளினாலே போதும் ஐயா, இந்தத் தடவை எல்லாம் வெளியேதான் திறக்கும்.

அம்மா